முப்பத்தாறில் எத்தனை தேறும்?

ரோல் பெட்டியின் மேல் 36 என்று அச்சிட்டிருக்கும். அதோடு நிறுத்திக்கொண்டவர்கள் குறைவு. ஃபிலிமின் முனையை வீணாக இழுக்காமல் சிக்கனமாக மாட்டி, 37, சமயத்தில் 38 படம் வரை எடுத்துவிடுகிற கை 1990-களில் ஊருக்கு நாலு பேரிடம் இருந்தது. கல்யாண வீடானாலும் கல்லூரிச் சுற்றுலாவானாலும் கேமராவை அவர்களிடம்தான் கொடுப்பார்கள். ரோல் முடிந்து, லேபுக்குப் போய், கவர் கைக்கு வந்ததும் எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: "எத்தனை தேறுச்சு?"

இருபது தேறினால் சந்தோஷம். முப்பது தேறினால் எடுத்தவருக்கு மரியாதை கூடும். மற்றதெல்லாம் இருட்டு, மஞ்சள், கை ஆட்டம், கண் மூடல், தலை வெட்டு.

அந்தக் கலர் ரோல் இப்போது மறுபடி கடைக்கு வந்திருக்கிறது. வாங்குபவர்களில் பலர் டிஜிட்டல் காலத்தில் பிறந்தவர்கள். ஒரு ரோல் ஆயிரம் ரூபாயை ஒட்டி விற்கிறது. கழுவுவதற்கும் ஸ்கேன் செய்வதற்கும் தனிக்காசு. தேறாத ஒவ்வொரு படமும் பர்ஸைக் கடிப்பதால் அந்தப் பழைய கேள்வி முன்னைவிடக் கறாராகக் கேட்கப்படுகிறது.

ரோலுக்குள் இருக்கும் சங்கதி பெரிதாக மாறவில்லை. 1972-இல் கோடாக் கொண்டுவந்த சி-41 என்ற கழுவும் முறைதான் இன்றும் நடப்பில் இருக்கிறது. மாறியிருப்பது பொறுப்பு. அன்று நம் தவறுகளில் பாதியை ஃபிலிம் பொறுத்துக்கொண்டது, மீதியில் பாதியை லேப்காரர் சரிக்கட்டினார். அந்த இரண்டாவது ஆள் இப்போது பெரும்பாலும் இல்லை.

கடைக் கண்ணாடி அலமாரி

அன்று ரோல் வாங்குவது பெரிய யோசனை இல்லாத காரியம். ஸ்டுடியோவிலும் ஃபேன்சி ஸ்டோரிலும் கோடாக் கோல்டு, ஃபியூஜி, கோனிகா, அக்ஃபா எல்லாம் வரிசையாக நிற்கும். எந்தப் பெட்டி மஞ்சள், எது பச்சை என்பதைப் பார்த்தே வாங்கியவர்கள் உண்டு. ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 1967-இல் உற்பத்தியைத் தொடங்கி 'இந்து' என்ற பெயரில் கருப்பு வெள்ளை ஃபிலிமை நாடெங்கும் கொண்டுபோனது. ஆனால் கலர் ரோல் என்றால் நம் கை போனது வெளிநாட்டுப் பெயர்களிடம்தான்.

வேகக் கணக்கும் எளிதாகவே சொல்லித் தரப்பட்டது. வெளியில் எடுக்க ஏஎஸ்ஏ 100, உள்ளே எடுக்க 400, இரண்டுக்கும் நடுவில் 200. நானூறு விலை அதிகம் என்பதால் நூறை வாங்கிக்கொண்டு மண்டபத்துக்குள் போனவர்கள் ஏராளம். தேறாத படங்களின் கதை பாதி அங்கேயே ஆரம்பித்துவிடும்.

பிறகு கடை காலியானது. அக்ஃபா போட்டோ 2005-இல் திவாலானது. கோனிகா மினோல்டா 2006-இல் கேமரா, ஃபிலிம் தொழிலைவிட்டே விலகுவதாக அறிவித்தது. கோடாக் 2012-இல் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போய், மீண்டு வந்தது. இன்று அலமாரியில் இருப்பது விரல்விட்டு எண்ணக்கூடியவை: கோடாக் கோல்டு 200, கலர்பிளஸ் 200, அல்ட்ராமேக்ஸ் 400, ஃபியூஜி 200, 400. ஃபியூஜி ரோல் பெட்டியிலேயே இப்போது 'அமெரிக்காவில் தயாரானது' என்று போட்டிருக்கிறது. 2025-இல் கோடாக், கோடாக்கலர் என்ற தன் பழைய பெயரை மறுபடி ரோலின்மேல் ஒட்டியது. 1942-இல் அதே பெயரில் வந்ததுதான் பிரிண்ட் போடுவதற்கான அந்நிறுவனத்தின் முதல் கலர் நெகட்டிவ் ஃபிலிம்.

சாதாரண ரோலுக்கும் தொழில்முறை ரோலுக்கும் ஒரு வித்தியாசம் அன்றே உண்டு, பலருக்குத் தெரியாது. தொழில்முறை ஃபிலிம் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே பக்குவத்தில் இருக்கும், குளிர்பெட்டியில் வைத்து விற்பார்கள். சாதாரண ரோல், கடையில் சில மாதம் கிடந்து, பிறகு கேமராவில் சில மாதம் கிடக்கும் என்று கணக்குப் போட்டுச் செய்யப்பட்டது. தீபாவளிக்குப் போட்ட ரோலைப் பொங்கலுக்கும் முடிக்காமல் சித்திரைத் திருவிழாவில் முடிக்கிற குடும்பங்கள் எல்லா நாட்டிலும் இருந்தன. அவர்களுக்காகச் செய்த ஃபிலிம் அது.

ஆனால் அந்தக் கணக்கு மிதமான வெப்பத்துக்குப் போட்ட கணக்கு. மே மாத மதுரையில், வெயில் விழும் கண்ணாடி அலமாரியில், மூடிய காரின் டேஷ்போர்டில் அது செல்லாது. வெப்பம் மூன்று வண்ண அடுக்குகளையும் ஒரே மாதிரி பாதிக்காததால் நிறம் ஒரு பக்கம் சாயும், நிழல்பகுதி மங்கும். இன்று ரோல் வாங்குகிறவர் நேராக ஃபிரிட்ஜில் வைக்கிறார். அது நல்ல பழக்கம்தான். வெளியே எடுத்ததும் டப்பாவைத் திறக்காமல் ஓரிரு மணி நேரம் அறை வெப்பத்துக்கு வரவிட வேண்டும். இல்லாவிட்டால் நம் ஊர் ஈரக்காற்று ஃபிலிம்மேல் வியர்த்துவிடும். அதைவிட முக்கியம், எடுத்து முடித்த ரோலைச் சீக்கிரம் கழுவக் கொடுப்பது. எடுக்காத ரோலைவிட எடுத்த ரோல்தான் வெப்பத்தில் வேகமாகக் கெடும்.

விமானப் பயணத்தில் புதுத் தலைவலி ஒன்று சேர்ந்திருக்கிறது. பழைய எக்ஸ்ரே இயந்திரத்தில் 100, 200 ரோல்கள் ஓரிரு தடவை போனாலும் பாதகமில்லை. இப்போது பெரிய விமான நிலையங்களில் வரும் சிடி ஸ்கேனர் அப்படியல்ல. ஒரே தடவையில் ஃபிலிமை மூட்டம் போடவைக்கும். ரோலைத் தனிப் பையில் போட்டு, கையால் சோதிக்கச் சொல்லிக் கேட்பது நல்லது.

ஒரே ஷட்டர், ஒரே துளை

யாஷிகா எம்எஃப்-2, ஹாட் ஷாட், பிற்பாடு கோடாக் கேபி-10. நம் வீட்டு ஆல்பங்களில் பெரும்பகுதி இந்த மாதிரி கேமராக்கள் எடுத்தவை. ஃபோகஸ் பார்க்க வேண்டாம், அமுக்கினால் போதும். விலை குறைந்த இத்தகைய கேமராக்களில் பலவற்றுக்கு ஷட்டர் வேகம் ஒன்றுதான், ஏறத்தாழ 1/100 அல்லது 1/125 நொடி. லென்ஸ் துளையும் எஃப் 8, எஃப் 11 வட்டாரத்தில் நிற்கும்.

இவ்வளவு முரட்டுத்தனமான கருவி எப்படி நல்ல படம் கொடுத்தது? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உச்சி வெயிலில் ஏஎஸ்ஏ 100 ஃபிலிமுக்குத் தேவை எஃப் 16, ஏறத்தாழ 1/100 நொடி. கேமரா கொடுப்பதோ எஃப் 11. அதாவது தேவைக்கு மேல் கிட்டத்தட்ட ஒரு ஸ்டாப், இரண்டு மடங்கு வெளிச்சம். நெகட்டிவுக்கு அது கொண்டாட்டம். அதே ஆட்களைத் திண்ணை நிழலுக்கு அழைத்துவந்தால் தேவை எஃப் 5.6 ஆகிவிடும். கேமரா மாறாது. இப்போது இரண்டு ஸ்டாப் குறைவு, தேவையில் கால்பங்கு வெளிச்சம்தான். மாமல்லபுரம் கடற்கரையில் பளிச்சென்று விழுந்த அதே குடும்பம், வீட்டுத் திண்ணையில் மண்ணாக விழுந்ததற்குக் காரணம் இதுதான். அதே கேமராவில் 400 போட்டிருந்தால் திண்ணைப் படமும் தேறியிருக்கும், கடற்கரைப் படமும் கெட்டிருக்காது.

கடைசியில் சொன்னதுதான் கலர் நெகட்டிவின் சூட்சுமம். தேவைக்கு மேல் இரண்டு, மூன்று ஸ்டாப் வெளிச்சம் விழுந்தாலும் அது தாங்கும். தேவைக்குக் கீழே ஒரு ஸ்டாப் போனாலே முகம் சுளிக்கும். ஒவ்வொரு வண்ண அடுக்கிலும் வேகமான பெரிய துகள்களும் மெதுவான சிறு துகள்களும் கலந்திருக்கின்றன. வெளிச்சம் குறைந்தால் பெரிய துகள்கள் மட்டுமே விழித்துக்கொள்ளும், படம் பொரிபொரியாகும். தாராளமாக விழுந்தால் சிறு துகள்களும் வேலைக்கு வரும், படம் வழவழப்பாகும். வெளிச்சமே எட்டாத இடத்தில் எதுவும் பதியாது. பதியாததை எந்த லேபும் எந்த மென்பொருளும் கொண்டுவர முடியாது.

இன்று ஃபிலிம் எடுப்பவர்கள் இந்தச் சூட்சுமத்தைத் தெரிந்தே கையாள்கிறார்கள். 200 ரோலைப் போட்டுவிட்டு, கேமராவில் 100 என்று வைக்கிறார்கள். எல்லாப் படத்துக்கும் ஒரு ஸ்டாப் கூடுதல் கிடைத்துவிடும், கழுவுவதில் எந்த மாற்றமும் வேண்டாம். மீட்டர் பார்க்கும்போதும் வானத்தையோ வெள்ளைச் சுவரையோ பார்க்காமல், விவரம் தெரிய வேண்டிய நிழலை அளக்கிறார்கள். போனிலேயே லைட் மீட்டர் ஆப் கிடைக்கிறது.

பழைய கேமராவை நம்பி எடுக்கிறவர்களுக்கு ஒரு கண்ணி இருக்கிறது. 1960-கள், 70-களின் கேமராக்கள் பலவற்றில் மீட்டர் ஓடியது 1.35 வோல்ட் பாதரச பேட்டரியில். அந்த பேட்டரி இப்போது சந்தையிலேயே இல்லை. அதே அளவில் 1.5 வோல்ட் அல்கலைன் பேட்டரியைப் போட்டால் பல கேமராக்களில் முள் கூடுதலாக ஏறும், வெளிச்சம் நிறைய இருப்பதாகச் சொல்லும். நம்பி எடுத்தால் ரோல் முழுக்க இருட்டு. பின்கதவு இடுக்கில் வைத்த கருப்பு ஸ்பாஞ்சு பிசுபிசுத்துப் போயிருந்தால் ஓரங்களில் சிவப்பும் மஞ்சளுமாக வெளிச்சம் ஒழுகும். அதை அழகு என்று ரசிப்பவர்கள் ரசிக்கட்டும். வேண்டாதவர்கள் முதலில் ஸ்பாஞ்சை மாற்றிவிட்டு ரோலை மாட்டலாம்.

1983-இல் வந்த டிஎக்ஸ் குறியோடு ஆட்டோ கேமராக்களுக்கு இன்னொரு சௌகரியம் கிடைத்தது. ரோல் டப்பாவின் மேலிருக்கும் கருப்பும் வெள்ளியுமான கட்டங்களைத் தொட்டு, கேமராவே வேகத்தைப் படித்துக்கொள்ளும். நாம் மாற்ற இடமில்லை. அதற்கும் வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். குறியின்மேல் டேப் ஒட்டி மறைத்தால் பல கேமராக்கள் 100 என்று எடுத்துக்கொள்ளும். 200 ரோலுக்கு அதுவே போதும்.

வேட்டியும் பட்டும் டியூப்லைட்டும்

கல்யாணப் படத்தின் நெகட்டிவ் பட்டை ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். முழுக்க ஆரஞ்சு நிறம் பூசியதுபோல் இருக்கும். வண்ணச் சாயங்களின் குறைகளைச் சரிக்கட்ட ஃபிலிமிலேயே வைத்த நிறம் அது. அதற்குள் எல்லாம் தலைகீழ். மாப்பிள்ளையின் பட்டு வேட்டி அடர் கருப்பு. பெண்ணின் கூந்தல் இருக்கும் இடம் வெறும் ஆரஞ்சு. இப்போது கூந்தலை மட்டும் கவனியுங்கள். அதற்குள் பின்னலும் பூச்சரமும் மெல்லிய கோடுகளாகத் தெரிந்தால் அந்தப் படம் தேறும். கூந்தலும் பின்னணி இருட்டும் பட்டையின் ஓரமும் வித்தியாசமில்லாமல் ஒரே ஆரஞ்சாக இருந்தால், அங்கே ஒன்றும் பதியவில்லை. வேட்டி எவ்வளவு கருப்பாக இருந்தாலும் கவலை வேண்டாம். அனுபவப்பட்ட லேப்காரர்கள் பிரிண்ட் போடும் முன்பே 'இது அண்டர், இது ஓகே' என்று பிரித்தது இப்படித்தான்.

வேட்டி வேறொரு விதத்தில் சதி செய்தது. கேமரா மீட்டர், கண்ணில் படுவது எல்லாம் சேர்ந்து நடுச்சாம்பல் என்று நினைத்து அளக்கும். வெள்ளைவேட்டி வெள்ளைச்சட்டையில் பத்துப் பேர் வரிசையாக நின்றால், 'அடேயப்பா, எவ்வளவு வெளிச்சம்' என்று துளையைச் சுருக்கும். துணி சரியாக விழும், முகம் கருகும். கருத்த தோல் உள்ள நம் ஆட்களுக்கு அடி இரட்டிப்பு. லேப்களில் நிறத்தைச் சரிபார்க்க வைத்திருந்த ஷர்லி கார்டு என்ற மாதிரிப் படத்தில் பல பத்தாண்டுகளாக இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். கருப்பு, பழுப்பு நிறங்களின் நுணுக்கத்தை ஃபிலிம் சரியாகக் காட்டவில்லை என்று சாக்லேட் நிறுவனங்களும் மரச்சாமான் நிறுவனங்களும் புகார் சொன்ன பிறகே கோடாக் அந்தப் பக்கம் மும்முரமாகத் திரும்பியது என்பது அந்நிறுவன ஆட்களே பிற்பாடு சொன்ன செய்தி. பின்னாளில் வந்த கோல்டு வகை ரோல்களில் பழுப்பு நிறங்கள் நன்றாகவே மேம்பட்டன. இருந்தும் மீட்டரின் குணம் மாறவில்லை. இன்றும் வேட்டி வரிசையை எடுப்பவர் ஒருவரின் முகத்துக்கு அருகில் போய் அளந்துகொண்டு வர வேண்டும், அல்லது மீட்டர் சொல்வதைவிட ஒன்றரை ஸ்டாப் திறந்துவிட வேண்டும்.

மண்டபத்துக்குள் ஃபிளாஷ் இல்லாமல் முடியாது. கேமராவோடு ஒட்டிய சின்ன ஃபிளாஷின் கைடு நம்பர், அதாவது அதன் வலிமையைக் காட்டும் எண், 12 என்று வைத்துக்கொள்வோம். ஏஎஸ்ஏ 100, எஃப் 4 என்றால் அது எட்டும் தூரம் 3 மீட்டர். பந்தியில் எதிரே உட்கார்ந்திருப்பவர் நன்றாக விழுவார். பத்தாவது வரிசையில் உட்கார்ந்துகொண்டு மேடையில் தாலி கட்டுவதை எடுத்தால் முன்வரிசைக்காரர்களின் பின்மண்டை மட்டும் பளபளக்கும். 400 ரோலானால் தூரம் 6 மீட்டர் ஆகும். 'கல்யாணத்துக்கா? அப்ப நானூறு போடுங்க' என்று ஸ்டுடியோக்காரர் சொன்னது விற்பனைப் பேச்சு மட்டுமல்ல.

ஃபிளாஷ் எட்டாத இடத்தில் மண்டபத்து விளக்குகள் தம் இஷ்டத்துக்கு வண்ணம் பூசின. கலர் ரோல் பகல் வெளிச்சத்துக்குச் செய்தது. டியூப்லைட் அதற்குப் பச்சையாகத் தெரியும், குண்டு பல்பும் வீடியோக்காரரின் ஹாலஜன் விளக்கும் மஞ்சளாகத் தெரியும். வீடியோ விளக்கு அணைகிற நொடிக்காகக் காத்திருந்து ஃபிளாஷ் அடித்தவர்கள் தொழில் தெரிந்தவர்கள். இன்றைய மண்டபங்களில் எல்இடி. அதிலும் சில பச்சையாகவோ ஊதாவாகவோ சாயும். வித்தியாசம் என்னவென்றால் இன்று அதை ஸ்கேனுக்குப் பிறகு ஓரளவு திருத்தலாம். மஞ்சள் விளக்கில் நீலத்துக்கான அடுக்குக்குத் தீனியே போதாது என்பதால், திருத்துவதற்கு அங்கே ஏதாவது பதிந்திருக்க வேண்டும். அதற்கும் மருந்து அந்தக் கூடுதல் ஒரு ஸ்டாப்தான்.

இயந்திரத்துக்குப் பின்னால் இருந்த கண்

சி-41-இல் டெவலப்பரின் வெப்பம் 37.8 டிகிரி செல்சியஸ். நேரம் 3 நிமிடம் 15 நொடி. வெப்பத்தில் கால் டிகிரி தவறினாலும் நிறம் நகரத் தொடங்கும். இந்தக் கறாரான சமையலை ஒரு சின்னக் கடைக்குள் அடக்கிக் காட்டியது 1970-களின் பிற்பகுதியில் ஜப்பானின் நோரிட்சு கொண்டுவந்த மினி லேப். பிறகு அது உலகெங்கும் பரவி, நம் மாவட்டத் தலைநகரங்களுக்கும் வந்தது. அதற்கு முன் பெரிய ஊருக்கு அனுப்பி நாட்கணக்கில் காத்திருந்த ரோல், இப்போது ஒரு மணி நேரத்தில் கைக்கு வந்தது. லேபின் ஏசி குளிரில் நின்றுகொண்டு, கண்ணாடிக்குப் பின்னால் படங்கள் பட்டையாக வெளியே வருவதை வேடிக்கை பார்ப்பதே ஒரு பொழுதுபோக்கு.

அந்த இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருந்தவர்தான் நம் தவறுகளின் திருத்துநர். அவர் முன்னால் நான்கு வரிசைப் பொத்தான்கள்: மஞ்சள், மெஜந்தா, சயான், அடர்த்தி. நெகட்டிவ் பட்டை ஒவ்வொரு படமாக நகரும். அவர் ஒரு பார்வை பார்ப்பார், அடர்த்தியில் இரண்டு தட்டு, மஞ்சளில் ஒரு தட்டு, அடுத்தது. ஒரு படத்துக்கு ஓரிரு நொடிதான்.

அவரை விட்டுவிட்டு இயந்திரத்தையே முடிவெடுக்கச் சொன்னால் என்ன நடக்கும் என்பதற்குத் தஞ்சாவூர்ப் பக்கத்து வயல் படம் ஒன்றே போதும். ஒரு படத்தில் உள்ள நிறங்களை எல்லாம் கலந்தால் சாம்பல் வரும் என்பது இயந்திரத்தின் அனுமானம். பச்சைப் பசேல் என்ற நாற்றங்காலுக்கு நடுவே ஒரு பெண் நின்றால், 'பச்சை ரொம்பக் கூடிவிட்டது' என்று அது மெஜந்தாவைச் சேர்க்கும். வயல் வாடிப்போகும், பெண்ணின் முகம் ரோஸ் பவுடர் அப்பியதுபோல் ஆகும். சிவப்பு வெல்வெட் திரை போட்ட மேடையில் இதற்கு நேர்மாறு, மணமக்கள் முகத்தில் நீலம் படரும். கைதேர்ந்த ஆபரேட்டர் வயலைப் பார்த்ததும் இயந்திரத்தின் யோசனையைத் தள்ளிவிட்டுத் தன் கணக்கைப் போடுவார். மாலை ஆறு மணிக்கு, முகூர்த்த நாள் நெருக்கடியில், ஐம்பதாவது ரோலில் அவர் பார்க்க முடியாமல் போனவைதான் நம் ஆல்பத்தில் ரோஸ் முகங்களாக உட்கார்ந்திருக்கின்றன.

எல்லா லேபும் உத்தமமானவை என்று இப்போது சொல்வது பொய். கெமிக்கலைச் சிக்கனம் பிடித்த கடைகள் இருந்தன. அழுக்கு உருளையில் நெகட்டிவ் முழு நீளத்துக்கும் கீறல் வாங்கி வந்தது உண்டு. இன்னும் ஒன்று, லேப்காரர் சரிக்கட்டிவிட்டதால் நாம் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை. இரண்டு ஸ்டாப் கூடினாலும் ஒரு ஸ்டாப் குறைந்தாலும் பிரிண்ட் ஏறக்குறைய ஒரே மாதிரி வந்தது. படம் நன்றாக வந்தால் கேமராவைப் பாராட்டினோம். கெட்டால் லேபைத் திட்டினோம். நம் கையின் பங்கு என்ன என்று கேட்கும் அவசியமே வரவில்லை.

1996-இல் ஃபியூஜியின் ஃபிரன்டியர் போன்ற டிஜிட்டல் மினி லேப்கள் வந்தன. நெகட்டிவை ஸ்கேன் செய்து, லேசரால் காகிதத்தில் படம் வரைபவை. இன்றைக்குக் கலர் ரோலைக் கவனிக்கும் லேப்கள் பலவற்றில் ஓடுவது அந்தக் காலத்து ஃபிரன்டியர், நோரிட்சு ஸ்கேனர்கள்தான். உதிரிபாகங்களைத் தேடித்தேடி ஓட்டுகிறார்கள். ரோல் கழுவும் கடைகள் சில பெரிய நகரங்களோடு நின்றுவிட்டன. மற்ற ஊர்க்காரர்கள் கூரியரில் அனுப்புகிறார்கள். ரோல் வரத்து குறைவாக இருந்தால் தொட்டியில் டெவலப்பர் வெறுமனே நின்று காற்றுபட்டுக் கெடும் என்பதால், ரோல்களைச் சேர்த்துவைத்து மொத்தமாகக் கழுவும் லேபை நம்பலாம். 'எந்த நாளில் கழுவுகிறீர்கள்' என்று கேட்டுவிட்டுக் கொடுப்பது விவரம்.

சிலர் வீட்டிலேயே கழுவத் தொடங்கிவிட்டார்கள். வெளிநாட்டுக் குறிப்புகள் எல்லாம் 38 டிகிரிக்குத் தண்ணீரைச் சூடேற்றுவது எப்படி என்று சொல்லும். சென்னையில் மே மாத மத்தியானம் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து குழாயில் வரும் தண்ணீர் அந்தச் சூட்டை எட்டியே நிற்கும். இங்கே கஷ்டம் அதைக் கழுவி முடிக்கும்வரை அதே சூட்டில் நிறுத்திவைப்பதுதான்.

ஸ்கேன் என்ற இரண்டாவது கேமரா

இன்று பிரிண்ட் யாரும் முதலில் கேட்பதில்லை. லேபிலிருந்து வருவது ஒரு லிங்க். அந்த ஸ்கேன் படத்தைப் பார்த்து 'கோல்டு கலர் சூப்பர்' என்றோ 'ஃபியூஜி பச்சையடிக்கிறது' என்றோ தீர்ப்புச் சொல்கிறார்கள். அதில் ஃபிலிமின் பங்கு எவ்வளவு, ஸ்கேனரின் பங்கு எவ்வளவு என்று பிரிப்பது கடினம். நெகட்டிவின் ஆரஞ்சு நிறத்தைக் கழித்து நிறத்தைத் திருப்பிப் போடுவது மென்பொருள். ஒரே நெகட்டிவை ஃபிரன்டியரில் ஒருமுறை, நோரிட்சுவில் ஒருமுறை ஸ்கேன் செய்தால் இரண்டு விதமான மாலைநேரம் கிடைக்கும். பழைய பொத்தான் ஆபரேட்டர் செய்த அதே வேலைதான், இப்போது பெரும்பாலும் ஆட்டோவில் நடக்கிறது. வயல்வெளிப் பெண் இன்றும் ரோஸ் முகத்தோடு வரலாம்.

நல்ல சேதி என்னவென்றால் திருத்தும் பொத்தான் நம் கைக்கே வந்திருக்கிறது. டிஜிட்டல் கேமராவில் மேக்ரோ லென்ஸ் மாட்டி, நெகட்டிவைச் சீரான வெள்ளை வெளிச்சத்தின் மேல் வைத்துப் படம்பிடித்து, மென்பொருளில் திருப்பிப் போடுகிறார்கள். நன்றாக விழுந்த ஒரு கோல்டு நெகட்டிவிலிருந்து இப்படி எடுக்கும் படம், அன்றைக்கு நமக்குக் கிடைத்த மேக்ஸி சைஸ் பிரிண்டைவிட எல்லா வகையிலும் மேல். வானத்தில் மேகம் தெரியும், வேட்டியில் மடிப்பு தெரியும். அன்றும் அவை நெகட்டிவில் இருந்தன. சின்ன பிரிண்டில் அவற்றுக்கு இடமில்லை.

இந்த உண்மை பழைய ஆல்பங்களுக்கும் பொருந்தும். 1970-கள், 80-களின் தொடக்கத்துக் கலர் பிரிண்டுகள் பல இன்று செம்பழுப்பாகிவிட்டன. காகிதத்தில் இருந்த சயான் சாயம் இருட்டிலேயே வெளுத்துப்போய், சிவப்பும் மஞ்சளும் மட்டும் மிஞ்சிய கோலம் அது. அதே படத்தின் நெகட்டிவ் ஈரமில்லாத இடத்தில் கிடந்திருந்தால் பெரும்பாலும் பிரிண்டைவிட நல்ல நிலையில் இருக்கும். நெகட்டிவில் உள்ள தூசியையும் கீறலையும் அகச்சிவப்புக் கதிரால் கண்டுபிடித்து நீக்கும் ஸ்கேனர்களும் உண்டு. கலர் சாயத்தை அந்தக் கதிர் ஊடுருவிப் போகும், தூசியில் மட்டும் நின்றுவிடும் என்பதே அதன் தந்திரம். வெள்ளியால் ஆன கருப்பு வெள்ளை நெகட்டிவிடம் இது பலிக்காது. ஆனால் லேப் கவரில் ஆல்பத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, நெகட்டிவைப் பரணில் போட்டு, வீடு மாறும்போது குப்பையில் கொட்டியதே நம் ஊர் வழக்கமாக இருந்தது. இன்றும் லிங்க் வந்ததும் நெகட்டிவை லேபிலேயே விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அசலைக் கொடுத்துவிட்டு நகலை வாங்கிக்கொள்கிற வியாபாரம் அது.

இப்போது தேற்றுவது

பழைய ரோல்தான் நன்றாக இருந்தது, பழைய லேப்தான் நன்றாக இருந்தது என்கிற பேச்சில் பாதிதான் உண்மை. அன்று நன்றாக இருந்தது ஏற்பாடு. மலிவான ரோல், ஒரு மணி நேர லேப், பொத்தானின் மேல் பழகிய விரல், தவறினால் மறுபடி எடுக்க இன்னொரு ரோல். அந்த ஏற்பாடு திரும்பப் போவதில்லை. ஆனால் அன்று தொழில்காரர்கள் மட்டும் வைத்திருந்த விவரம் இன்று எல்லோருக்கும் கிடைக்கிறது, அதை வைத்து 36-இல் 30 தேற்றுவது பெரிய வித்தையில்லை.

200 ரோலை 100 என்று வைத்து எடுங்கள். சந்தேகம் வந்தால் துளையைத் திறங்கள், சுருக்காதீர்கள். வெள்ளை உடைக்கு ஏமாறாமல் முகத்தை அளங்கள். ஃபிளாஷின் எல்லைக்குள் ஆட்களை வரவழையுங்கள். முடிந்த ரோலை வெயிலில் வைக்காமல் அந்த வாரமே கழுவக் கொடுங்கள். நெகட்டிவைத் திருப்பிக் கேட்டு வாங்குங்கள். ஸ்கேனைத் திறக்கும் முன் அந்தப் பட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஸ்கேன் சமாளித்துச் சொல்லும், நெகட்டிவுக்கு மறைக்கத் தெரியாது. எந்தப் படத்தில் எவ்வளவு குறைத்தோம் என்பதை அதிலிருந்து படித்துக்கொண்டால், அடுத்த ரோலில் எத்தனை தேறும் என்பதை மாட்டும்போதே சொல்லிவிடலாம்.